காய்ச்சல் தொடங்கிய திகதி

கிளிநொச்சியில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார்: "கிருமி ஆள் பார்த்துத் தொற்றுவதில்லை. எங்கள் நாட்டில் ஆஸ்பத்திரியும் இலவசம், தடுப்பூசியும் இலவசம். பிறகு ஏன் வன்னியில் செங்கண்மாரி, எலிக்காய்ச்சல், கசம் (காசநோய்) எல்லாம் திரும்பத் திரும்ப அதே கிராமங்களில் வருகிறது? சனத்துக்குச் சுகாதார அறிவு இல்லாததுதானே காரணம்?"

பிள்ளை, கேள்வியின் முதல் பாதி சரி. கடைசி வரியை நானும் கனகாலம் நம்பியிருந்தேன். வன்னியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, அதாவது சனம் சொல்கிற பி.எச்.ஐ. ஆக, வேலை பார்த்து இளைப்பாறியவன் நான். சைக்கிளில் தொடங்கி மோட்டார் சைக்கிளில் முடிந்த உத்தியோகம். அந்த நம்பிக்கை என்னைவிட்டுப் போன கதையைச் சொன்னாலே உங்களுக்கான பதில் பெரும்பாலும் வந்துவிடும்.

முதலில் ஒரு படிவத்தைக் காட்டுகிறேன். அறிவிக்கவேண்டிய தொற்றுநோய் ஒருவருக்கு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரியில் எச். 544 என்ற படிவத்தை நிரப்பி எம்.ஓ.எச்., அதாவது சுகாதார வைத்திய அதிகாரி, அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அது எங்கள் கைக்கு வரும். நாங்கள் வீடு தேடிப் போய் விசாரித்து எச். 411-ஐ நிரப்புவோம். அந்த 544-இல் இரண்டு திகதிகள் இருக்கும். ஒன்று நோய் தொடங்கிய திகதி, மற்றது ஆஸ்பத்திரியில் அனுமதித்த திகதி. கொஞ்சக் காலம் போனபிறகு, பெயரையும் விலாசத்தையும் பார்க்க முன்னமே என் கண் அந்த இரண்டுக்கும்தான் போகும். ஏ9 வீதிக் கரையில் கடை வைத்திருப்பவர், வங்கியில் வேலை செய்பவர் என்றால் இடைவெளி ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. கூலிக்குப் போகிறவர் என்றால் நாலு, ஐந்து, சிலவேளை ஒரு கிழமை. விலாசத்தை மறைத்துவிட்டு இடைவெளியை மட்டும் காட்டினால், ஆள் எந்தப் பகுதி என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

ஒரு காலபோகம், மாரி மழையோடு செய்கிற நெல்விதைப்புக் காலம். ஒட்டுசுட்டான் பக்கம் நாற்பது வயது மதிக்கக்கூடிய ஒருவருக்கு எலிக்காய்ச்சல். வரம்பு கட்டுவது, வாய்க்கால் துப்புரவாக்குவது, புல்லுப் பிடுங்குவது என்று எந்த வேலைக்கும் போகிறவர். காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அதற்குள் கண் மஞ்சள், சலம் போவதும் குறைந்துவிட்டது. அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு மாற்றி, இரத்தம் சுத்திகரித்து, ஆள் தப்பினார். நான் வீட்டுக்குப் போனபோது மனைவிதான் நின்றார். கூரைத் தகரத்தின் விளிம்பில் பனடோல் அட்டை செருகிக் கிடந்தது. பத்து மாத்திரையில் இரண்டுதான் மிச்சம். காலையில் இரண்டு விழுங்குவது, உடம்பு கொஞ்சம் இலேசாக வேலைக்குப் போவது, பின்னேரம் வந்து குளிரில் நடுங்கிக்கொண்டு படுப்பது. மூன்று நாள் இப்படியே போயிருக்கிறது. நாலாம் நாள் கெண்டைக்கால் நோவில் எழும்ப முடியவில்லை.

"ஏன் அம்மா முதல் நாளே கொண்டு போகேல்லை?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

"முற்காசு வாங்கியாச்சு ஐயா. இன்னும் மூண்டு நாள் வேலை கிடந்தது. படுத்தால் காசைத் திருப்பிக் குடுக்கவேணும். அது அரிசியாய் முடிஞ்சு போச்சு."

காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். சேற்றில் எலிச்சலம் கலந்திருக்கும், காலில் புண்ணோடு இறங்கக்கூடாது என்பதும் தெரியும். கிராம முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அவர் முன்வரிசையில் இருந்தார்.

ஆஸ்பத்திரி இலவசம் என்கிறோம். அந்த வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு நாலு கிலோமீற்றர். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். போகிற நாளின் கூலி இல்லை. வார்ட்டில் மறித்தால் கூட நிற்க ஓர் ஆள் வேண்டும், அவருடைய கூலியும் இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்குச் சமைக்க இன்னோர் ஆள் வேண்டும். இலவச வைத்தியத்துக்குள் இந்தக் கணக்கு வராது.

எலிக்காய்ச்சல் பொதுவாக மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லையே, அவர் பிந்தியதால் மற்றவருக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் எந்த வயல் என்று எங்களுக்குத் தெரியும். அவர் பிந்திய நாட்களெல்லாம் அதே சேற்றில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் அந்தக் கிருமி கிழமைக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இதற்கு முன்கூட்டியே எடுக்க மருந்து இருக்கிறது. டொக்சிசைக்கிளின், கிழமைக்கு 200 மில்லிகிராம், எம்.ஓ.எச். அலுவலகத்தில் காசில்லாமல் கொடுப்போம். நாங்கள் அதைக் கமக்காரர் அமைப்பின் பதிவுப் பட்டியலை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தோம். பட்டியலில் இருப்பது காணிக்காரரின் பெயர். அன்றைக்கு உழவு மெசினில் ஏறி வந்து சேற்றில் இறங்குகிறவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இன்றைக்கு ஒரு வயல், நாளைக்கு இன்னொரு வயல், அடுத்த கிழமை வேறு கிராமம். மேலே சொன்னவர் வேலை செய்த வயலின் சொந்தக்காரர் வீட்டில் மாத்திரை பெட்டியோடு இருந்தது. அவர் வரம்பைவிட்டுக் கீழே இறங்குவதில்லை. அந்த வருசத்துக்குப் பிறகு நாங்கள் விடிய ஆறு மணிக்கு, கூலியாட்களை மெசினில் ஏற்றுகிற சந்தியில் போய் நின்று கொடுக்கத் தொடங்கினோம். இது யாருக்கும் தெரியாத சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்களுக்கு உறைக்க ஒருவர் சாவின் விளிம்புவரை போகவேண்டியிருந்தது.

2024 நவம்பர் கடைசியில் அடித்த மழை வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பரில் வடமராட்சியில் காய்ச்சல் மரணங்கள் வந்தபோது ஊரெல்லாம் மர்மக் காய்ச்சல் என்று கதைத்தார்கள். சோதித்துப் பார்த்தால் எலிக்காய்ச்சல். மர்மம் ஒன்றும் இல்லை. வெள்ளம் வடிந்த வயலில் வேலைக்கு இறங்காமல் இருக்க யாரால் முடியும் என்பதுதான் அங்கும் விசயம்.

சரி, சுகாதார அறிவு என்றீர்களே, அதற்கு வருகிறேன்.

2009-இல் செட்டிகுளம் பக்கம் காட்டை வெட்டி அமைத்த முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை வைத்திருந்தார்கள். நானும் குடும்பத்தோடு அதற்குள்தான் இருந்தேன். நிவாரண வேலைக்கென்று உலகம் ஒத்துக்கொண்ட குறைந்தபட்ச அளவுகள் இருக்கின்றன: ஆளுக்கு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். குளிக்க, உடுப்புத் தோய்க்க, சமைக்க, குடிக்க, பிள்ளையின் பின்புறம் கழுவ எல்லாமாகச் சேர்த்து 15 லீற்றர். உங்கள் வீட்டில் ஒருவர் ஒரு தடவை குளிக்க எத்தனை வாளி அள்ளுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் அந்த 15-க்கே பவுசரின், அதாவது தண்ணீர் லொறியின், பின்னால் ஓடினோம். தண்ணீர்க் கானை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் காத்திருப்போம். பவுசர் வரும்போது வரிசை குலைந்துவிடும்.

அங்கே செங்கண்மாரி வந்தது. கல்லீரல் அழற்சி ஏ வைரஸ். ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வந்தது. கொப்பளிப்பானும் (சின்னம்மை) ஆயிரக்கணக்கில். செங்கண்மாரி வைரசின் கணக்கு பொல்லாதது. கிருமி உள்ளே போய்க் கண் மஞ்சளாக ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். மஞ்சளாவதற்கு முந்திய இரண்டு கிழமையில்தான் மலத்தில் கிருமி அதிகமாக வெளியேறும். அதாவது ஆள் நோயாளி என்று தெரியவருகிறபோது பரப்ப வேண்டியதையெல்லாம் பரப்பி முடித்திருப்பார். அவரைத் தனிமைப்படுத்துவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும், கக்கூசிலிருந்து ஈ சாப்பாட்டுக்கு வராத ஒழுங்கும் ஏற்கெனவே இருந்திருக்கவேண்டும்.

எனக்கும் வந்தது. கை கழுவுவது எப்படி என்று ஊர் ஊராக வகுப்பு எடுத்தவன், சோற்றின் மணம் பட்டாலே சத்தி எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் கிடந்தேன். எனக்கு இந்தப் பக்கத்துக் கூடாரத்தில் பட்டதாரி ஆசிரியை ஒருவர், அந்தப் பக்கம் மீன்பிடிக் குடும்பம். மூன்று கூடாரத்திலும் மஞ்சள் கண். ஆசிரியையின் பட்டமும் என் டிப்ளோமாவும் அந்த வைரசைத் தடுக்கவில்லை. அதே ஆசிரியை, அதே நான், போருக்கு முந்திய எங்கள் கல்வீட்டில், கிணறும் நீரடைப்புக் கோப்பை வைத்த மலசலகூடமும் உள்ள வளவில் இருந்தபோது எங்களுக்கு இது வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் எங்கள் அறிவு குறையவில்லை. வளவுதான் போனது. அந்தக் கூடாரத்தில்தான் நான் சொன்ன நம்பிக்கை கழன்று விழுந்தது.

முழுக்க விழுந்ததா என்றால் அதுவும் இல்லை, பழக்கதோசம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, 2011 அல்லது 2012 இருக்கும், தருமபுரத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் வயிற்றோட்டம். எல்லா வீட்டுக்கும் தகரக் கொட்டில்தான். கிணறுகளில் பாதி இடிபாடும் குப்பையுமாகக் கிடந்தன, மழைக்கு வெள்ளம் நேரே உள்ளே போகும். கிணற்றுக்குக் குளோரின் போட்டுவிட்டு ஒவ்வொரு வீடாகப் போய்க் கொதித்தாறிய தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் பேசாமல் கேட்டுவிட்டு என்னை வளவின் பின்பக்கம் கூட்டிப்போனார். வேலிக்கு அப்பால் காடு. வேலியோடு ஒரு சிவப்புப் பலகை, மண்டையோடு போட்டது, மிதிவெடி.

"விறகு அங்கைதான் தம்பி கிடக்கு. இருக்கிறது சோறு காய்ச்சத்தான் காணும். நீங்கள் சொல்லுங்கோ, சோறு காய்ச்சவோ தண்ணி காய்ச்சவோ?"

நான் பதில் சொல்லவில்லை. அன்று பின்னேரம் அலுவலகத்தில் போய்க் குளோரின் மாத்திரை கேட்டு எழுதினேன். பானையில் போடலாம், விறகு வேண்டாம். இருபது வீட்டில் நான் செய்த உபதேசத்தைவிட அந்த மாத்திரை அதிகம் வேலை செய்தது.

காணிப் பத்திரம் பற்றிச் சொல்லாமல் வன்னியின் நோயைப் பற்றிப் பேச முடியாது. 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கும் குடியேறின. காட்டை வெட்டி, மற்றவர் வயலில் கூலிக்கு நின்று, இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பலருக்கு இருக்கிற நிலத்துக்கு உறுதியும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. வீட்டுத்திட்டம் வந்தால் முதலில் கேட்பது காணிப் பத்திரம். அது இல்லாவிட்டால் நிரந்தர வீடு கிடைப்பது இழுபறி, மலசலகூடத்துக்குக் கொடுக்கிற உதவியும் அப்படியே. பக்கத்து வளவுக்காரர் எப்போது எழும்பச் சொல்வாரோ என்று இருக்கிறவர் கடன்பட்டுக் குழி வெட்டிக் கல் கட்டுவாரா? அவர் காட்டோரம் போவார். மழைக்கு அது கிணற்றுக்கு வரும். வயிற்றோட்டத்துக்கு எச். 411 நிரப்புகிறபோது மலசலகூடம் உண்டா இல்லையா என்று அடையாளம் போடுவோம். ஏன் இல்லை என்று எழுத இடமில்லாததால், "இல்லை" என்பது அந்தக் குடும்பத்தின் ஊத்தைப் பழக்கமாகவே அலுவலகக் கோவையில் ஏறிவிடும். "அந்தப் பகுதி ஆட்கள் அப்படித்தான்" என்று படித்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சாதியும் பிறந்த இடமும் சேர்ந்து பேசுகிற பேச்சு அது. எங்கள் அலுவலகங்களுக்குள்ளும் கேட்டிருக்கிறேன். அப்படிப் பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்த சனம் கிளினிக்குக்கு வருவதைத் தள்ளிப்போடும். அந்தத் திகதி இடைவெளியில் அதுவும் ஒரு நாளோ இரண்டு நாளோ சேர்க்கும்.

இதெல்லாம் நேற்று வந்ததும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வன்னிக் குளத்துக் கிராமங்களில் பறங்கி நோய் என்ற ஒன்று இருந்தது. தோலில் புண், பிறகு எலும்பு வரை போகும். 1881-இல் கின்சி என்ற தலைமை மருத்துவ அதிகாரி இலங்கையின் பறங்கி நோய் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். தோலோடு தோல் படத் தொற்றுகிற நோய். சவர்க்காரமும் மாற்று உடுப்பும் போதிய இடமும் இருக்கிற வீட்டில் நிலைக்காது. குளம் உடைந்து, விளைச்சல் இல்லாமல், கலங்கல் நீரைக் குடித்துக்கொண்டிருந்த கிராமங்களில் அது குடியிருந்தது. ஊசி மருந்து வந்தபிறகு ஓடியே போனது.

இப்போது நீங்கள் கேட்கலாம், அப்படியானால் வறுமை ஒழியும் வரை நோயும் ஒழியாதா என்று. அதற்கு மலேரியா பதில் சொல்லும், வன்னியிலேயே. 1999-இல் நாடு முழுவதும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா. போர் நடந்த மாவட்டங்கள்தான் அதில் பெரும்பங்கைச் சுமந்தன. எங்கள் பக்கம் "மலேரியா வராதவன் வன்னியானே இல்லை" என்று பகிடி விடுவார்கள். அதைப் பரப்புகிற நுளம்பு, ஆற்றில் நீர் வற்றி மணலில் தேங்கும் குட்டையில் பெருகுவது. கதிர்காமத்தில் செய்த ஓர் ஆய்வில், மண்சுவரும் ஓலைக்கூரையுமாக இருந்த வீட்டுக்காரருக்கு, கல்லும் ஓடுமாக இருந்த வீட்டுக்காரரைவிட இரண்டரை மடங்கு ஆபத்து என்று கண்டார்கள். சுவர் ஓட்டையால் நுளம்பு போய்வரும், அவ்வளவுதான்.

அந்த மலேரியா போனது. இலங்கையில் கடைசியாக உள்ளூரில் தொற்றிய நோயாளி 2012 அக்டோபரில். 2016 செப்டம்பர் 5-ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்தது. அந்த நேரம் வன்னியில் யாரும் பணக்காரராகிவிடவில்லை. நடந்தது என்னவென்றால், சனம் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் ஆட்கள் சனத்திடம் போனார்கள். சுவருக்கு மருந்தடித்தார்கள், மருந்து தோய்த்த வலை கொடுத்தார்கள். நடமாடும் கிளினிக் வைத்து, காய்ச்சல்காரரின் விரலில் குத்தி இரத்தம் எடுத்து, மலேரியா என்றால் உடனே குளிசை கொடுத்தார்கள். போருக்கு நடுவிலும், இரண்டு பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் இந்த வேலை ஏதோ ஒரு விதத்தில் நடந்துகொண்டே இருந்தது. கொட்டில் கொட்டிலாகவே இருக்க, அந்த இரண்டு திகதிகளையும் கிட்டக் கொண்டுவந்தார்கள். நோய் தொடங்கியவருக்கு உடனே மருந்து போனால், நுளம்புக்கு அவரிடமிருந்து எடுத்துப் போக ஒன்றும் இருக்காது.

டெங்கு வேறு மாதிரி. அது பூச்சாடியிலும் பீலியிலும் கட்டுமான இடத்திலும் பெருகும், வசதிக்காரரையும் விடாது. ஆனாலும் குழாய்த் தண்ணீர் இல்லாத வீட்டுப் பீப்பாயிலும் அதே குடம்பிதான் நெளியும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர் யார், ஆறாம் நாள் வருகிறவர் யார் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். கொரோனாவைப் பற்றி ஒரு வரி போதும்: வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள் என்று நாடு முழுக்கச் சொன்ன காலத்தில், 2021 மே மாதம் புதுக்குடியிருப்பில் கொத்தாகத் தொற்றியது ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு.

கசத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதில்தான் அந்த முதல் திகதியை நிரப்ப முடியாமல் பேனையோடு இருப்பேன். இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்கவேண்டும். கண்டுபிடிக்காமல் விட்டால் ஒருவர் வருசத்துக்கு ஐந்து முதல் பதினைந்து பேர் வரை தொற்றவைப்பார் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் அதற்கு வெளியே போகவே தேவையில்லை. கிருமி போனவர்கள் எல்லோருக்கும் நோய் வராது. சாப்பாடு குறைந்தவருக்கு, நீரிழிவு உள்ளவருக்கு, குடிப்பவருக்குக் கூடுதலாக வரும்.

மல்லாவிப் பக்கம் ஒருவர். "இருமல் எப்ப தொடங்கினது?" என்றேன். யோசித்துவிட்டு, "போன சிறுபோகத்துக்கு முன்னம், ஐயா" என்றார். நாங்கள் கதைத்தது காலபோக அறுவடைக் காலத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு வருசம் கழித்து.

சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு. எல்லாம் இலவசம். ஆனால் ஒருவர் பார்த்திருக்க நாளாந்தம் விழுங்கவேண்டும். கிளினிக் எட்டு மணிக்குத் திறக்கும். அவரை ஏற்றுகிற மெசின் ஆறு மணிக்குப் போய்விடும். ஒரு மாதம் முடிய முதலே இரண்டு தடவை விட்டுவிட்டார். பொறுப்பில்லாத ஆள் என்று கோவையில் எழுத ஆயத்தமாகத்தான் இருந்தார்கள். மெசின் நிற்கிற சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்கார அக்காவிடம் கேட்டோம். நோய் என்ன என்று யாருக்கும் சொல்லமாட்டேன் என்று ஒத்துக்கொண்டு, குளிசைப் பெட்டியைச் சீனிப்போத்தலுக்குப் பின்னால் வைத்தார். விடிய ஐந்தே முக்காலுக்கு ஒரு பிளேன்ரீ, கூடவே குளிசை. குளிசை விழுங்கியதற்கு அடையாளம் போடுகிற அட்டையை மாத முடிவில் நான் போய் வாங்கிப் பார்ப்பேன். தேத்தண்ணிக் கறையும் விரல் அடையாளமுமாக இருக்கும், ஒரு நாள்கூட அடையாளம் விடுபட்டிருக்காது. ஆறாம் மாதம் முடிந்த அன்று அக்கா என்னிடம் கேட்டது, "ஐயா, அவரின்ரை தேத்தண்ணிக் காசை ஆர் தாறது?" என்று. அவர் அரைவாசி நாள் கடனுக்குக் குடித்திருக்கிறார்.